தோட்டங்களில் சூரிய மின்சாரம்: தொண்டர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பொது இடங்களுக்குச் சூரிய மின்சாரம் கிடைக்கச் செய்வதற்காக உழைக்கும் சிறிய குழு எங்களுடையது. ஆசிரியர்கள் சிலர், கொழும்பில் வேலை செய்து திரும்பிய இளைஞர்கள், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கொழுந்து பறிக்கும் அக்காமார் ஆகியோர் இதில் இருக்கிறார்கள். எவரும் சோலார் விற்பவர்கள் அல்லர். கோயில் முன்றலிலும் வாசிகசாலையிலும் நடக்கும் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறோம்.

லயங்களுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) மின்சாரம் வந்துவிட்டதே, இனியும் சூரிய மின்சாரத்துக்காக ஏன் குரல் கொடுக்க வேண்டும்?

வந்துவிட்டது உண்மைதான். ஆனால் எதுவரை வந்திருக்கிறது என்பது மாலை ஆறரை மணிக்குத் தோட்டத்துப் பாதையில் நடந்து பார்த்தால் தெரியும். காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) குமிழ் எரிகிறது. குழாயடி, மலசலகூடம், கோயிலுக்கு ஏறும் படிக்கட்டு, பிரதான வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதை எல்லாம் இருட்டில் கிடக்கின்றன. தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் மலைகளில் இது சின்ன விஷயம் அல்ல. டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளையை அழைத்துவர ஒரு தாய் ஒவ்வொரு நாளும் டோர்ச்சுடன் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எடுத்துரைத்தார். லக்சபான மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீயும் மவுசாக்கலையும் நீர்த்தேக்கங்களாயின. 2012 இல் தலவாக்கலையில் 150 மெகாவோட் கொண்ட மேல் கொத்மலைத் திட்டமும் வந்து சேர்ந்தது. நாட்டுக்கு இவ்வளவு மின்சாரம் கொடுத்த மலைகளில், நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடியே இருந்த லயங்கள் பல, குப்பிலாம்பு வெளிச்சத்தில் பல பத்தாண்டுகளைக் கழித்தன. இதைக் கூட்டங்களில் சொன்னால் முதியவர்கள் மெல்லச் சிரிப்பார்கள்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது அந்தக் குப்பிலாம்புகள் மறுபடி வெளியே வந்தன. பத்துக் காம்பராக்களுக்கு ஒரே கூரை, ஒரே மரச்சட்டம் என்றிருக்கும் லயத்தில் ஒரு விளக்கு சரிந்தாலே போதும், முழு லயமும் எரிந்துவிடும். அதேபோல மண்சரிவுக் காலத்தில் வீதி அடைபட்டுக் கம்பமும் சாய்ந்துவிட்டால், மக்கள் ஒதுங்கும் பாடசாலையிலோ கோயிலிலோ நான்கு குமிழும் தொலைபேசி சார்ஜ் செய்ய ஓரிடமும் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை அப்படி ஒதுங்கியிருந்தவர்களே அறிவார்கள்.

லயத்துக் கூரையில் சோலார் பூட்டி மின்சார சபைக்கு விற்கலாம் என்கிறார்களே, அது முடியுமா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களின் முகத்தில் இருக்கும் எதிர்பார்ப்பைக் கெடுக்க எங்களுக்கும் விருப்பமில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

கூரைச் சோலாரை மின்சார சபையின் கம்பியுடன் இணைக்கும் முறை 2010 இல் நெட் மீட்டரிங் என்ற பெயரில் தொடங்கியது. அதில் நீங்கள் பாவித்தது போக மிஞ்சும் அலகுகள் அடுத்த மாதக் கணக்குக்குப் போகும், காசு கிடைக்காது. 2016 இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசாங்கத் திட்டத்தோடு மேலும் இரண்டு முறைகள் சேர்ந்தன. நெட் அக்கவுண்டிங்கில் மிஞ்சிய அலகுகளுக்குக் காசு தருவார்கள். நெட் பிளஸ் முறையில் உற்பத்தியாவது முழுவதும் சபைக்குப் போகும், உங்கள் பாவனைக்கு வழமைபோல பில் வரும். அப்போது, ஒப்பந்தத்தின் முதல் ஏழு வருடங்களுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும் அதன்பின் 15.50 ரூபாவும் என்று விலை வைத்தார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கான விலை அதற்குப் பிறகு பல முறை மாறிவிட்டதால், யாராவது பழைய விலையைச் சொல்லி ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

முதல் சிக்கல் கூரை யாருடையது என்பது. பெருந்தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. 1992 இல் தனியார்மயமானபோது பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போய், 2045 வரை குத்தகையில் இருக்கிறது. மின்சார சபையுடன் செய்யும் சோலார் ஒப்பந்தமோ 20 வருடத்துக்கானது. இன்று கையெழுத்திட்டால் அது அந்தக் குத்தகைக் காலத்தையே தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். நான்கு தலைமுறையாகக் குடியிருந்தும் லயக்காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் இல்லாதவர், தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அந்தக் கூரையில் எதையும் பூட்ட முடியாது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்களின் நிலை இதைவிட நல்லது என்றாலும், வீடு வந்தும் உறுதி வராத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சூரிய மின்சாரத்துக்காகப் பேசப் போனால் காணி உரிமையைப் பற்றிப் பேசாமல் திரும்ப முடியாது என்பதை நாங்கள் இரண்டாவது கூட்டத்திலேயே கற்றுக்கொண்டோம்.

இரண்டாவது சிக்கல் கணக்கு. மாதம் நாற்பது, ஐம்பது அலகு பாவிக்கும் குடும்பம் குறைந்த கட்டணப் படியில் இருக்கிறது. அந்தச் சிறிய பில்லை மிச்சப்படுத்தப் பெரிய கடன் எடுப்பது, ஆட்டுக்குட்டிக்கு மாட்டுக்கொட்டகை கட்டுவது போலாகும். மூன்றாவது, கூரையின் பலம். ஒரு பெரிய பெனல் ஏறத்தாழ 27 கிலோ இருக்கும். துருப்பிடித்த தகரமும் உளுத்த சட்டமும் அதைத் தாங்கினாலும் ஜூன், ஜூலைக் காற்றுக்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே லயத்தில் இருக்கும் ஒரு குடும்பம் கடன்பட்டு இதைச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை.

சோலார் பூட்டினால் மின்வெட்டு நேரத்திலும் வெளிச்சம் இருக்குமா?

சபையின் கம்பியுடன் இணைத்த சாதாரண முறையில் இருக்காது. கம்பியில் மின்சாரம் நின்றதும், பெனலின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் திருத்த வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரி இருக்க வேண்டும். கம்பியுடனும் இணைத்திருந்தால், இரண்டையும் கையாளும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் வேண்டும். விற்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

நமது மூடுபனியிலும் மழையிலும் இது வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் குறைவாக. மேகம் மூடியிருக்கும்போதும் பரவலான வெளிச்சம் இருப்பதால் பெனல் கொஞ்சம் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். குளிர் நமக்குச் சாதகமானது. 25 பாகைக்கு மேல் சூடு ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் பெனலின் வலு 0.3 முதல் 0.4 வீதம் வரை குறையும். அம்பாந்தோட்டை வெயிலில் கொதிக்கும் பெனலுக்கு உள்ள அந்த இழப்பு நுவரெலியாவில் மிகக் குறைவு. அம்பாந்தோட்டையில் வெயில் கூடுதலாகக் கிடைப்பதால் மொத்தக் கணக்கில் அதுதான் வெல்லும் என்பது வேறு விஷயம்.

மலையகம் முழுவதற்கும் ஒரே கணக்குப் போடக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும்போது, மலையின் அந்தப் பக்கம் பண்டாரவளையிலும் பசறையிலும் வெயிலும் வரண்ட காற்றுமாக இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவத்தில் அந்தப் பதுளைப் பக்கம் மழை. எனவே உங்கள் தோட்டத்தில் மிக மோசமான மாதம் எது என்று வயதானவர்களைக் கேட்டு, அந்த மாதத்துக்கு ஏற்றபடி பற்றரியையும் பெனலையும் தெரிவு செய்யுங்கள். பெனலைப் பத்துப் பாகையாவது சரித்து வைத்தால் மழையே அதைக் கழுவிவிடும். சவுக்கு மரத்தின் நிழல் ஒரு மூலையில் விழுந்தால்கூட, தொடராக இணைத்த பெனல்கள் எல்லாவற்றின் உற்பத்தியும் குறையும். பூட்டுவதற்கு முன் ஒரு நாள் காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை அந்த இடத்தில் நிழல் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். இந்த வேலைக்குப் பாடசாலைப் பிள்ளைகளைவிடச் சிறந்த தொண்டர்கள் இல்லை.

ஒரு சிறிய கட்டடத்துக்கு எவ்வளவு தேவை?

வாசிகசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 9 வோட் எல்ஈடி குமிழ் நான்கு, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 180 வோட்-மணித்தியாலம். 60 வோட் தொலைக்காட்சி மூன்று மணித்தியாலம் ஓடினால் இன்னொரு 180. மூன்று தொலைபேசிகளுக்கு 30. எல்லாமாக 400 என்று வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட், 100 அம்பியர்-மணித்தியாலப் பற்றரியில் 1,200 வோட்-மணித்தியாலம் கொள்ளும். ஈயப் பற்றரியாக இருந்தால் பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது என்பதால் 600 தான் கைக்கு வரும். அது ஒன்றரை இரவுக்குப் போதும். மூடலான மாதத்தில் ஒரு நாளைக்கு இரண்டரை மணித்தியால முழு வெயிலுக்குச் சமமானது கிடைக்கும் என்றும், வயரிலும் பற்றரியிலும் முப்பது வீதம் வீணாகும் என்றும் கணக்கிட்டால் சுமார் 230 வோட் வருகிறது. 250 வோட் பெனல் ஒன்று போதும்.

இதே அமைப்பில் யாராவது ரைஸ் குக்கரையோ அயர்ன் பெட்டியையோ கேத்தலையோ மாட்டினால் கணக்கு முழுவதும் குலையும். பண்டிகைக் காலத்தில் ஒலிபெருக்கி மாட்டுவதைத் தடுப்பது எங்களாலும் முடியாத காரியமாக இருக்கிறது.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

பொது இடத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளைக்காம்பரா (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம்), வாசிகசாலை, கோயில், குழாயடி என்றவற்றில் எது முதலில் வேண்டும் என்று மக்களையே கேளுங்கள். நாங்கள் கேட்ட ஒரு தோட்டத்தில் ஆண்கள் எல்லோரும் கோயில் என்றார்கள், பெண்கள் எல்லோரும் மலசலகூடத்துக்குப் போகும் பாதை என்றார்கள். பெண்கள் சொன்னபடியே செய்தோம்.

கோயிலுக்கு வேறு வழியும் திறந்திருக்கிறது. இந்திய அரசின் நன்கொடையாக நாடு முழுவதும் 5,000 மதத் தலங்களின் கூரைகளில் மொத்தம் 25 மெகாவோட் சோலார் பூட்டும் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது; கோயில்களும் அதில் அடங்கும். இவ்வாறான திட்டம் வரும்போது பதிவு செய்யப்பட்ட பரிபாலன சபையும் வங்கிக் கணக்கும் உள்ள கோயில்தான் பட்டியலில் ஏறுகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் பலவற்றுக்குத் திருவிழாக் கமிட்டி உண்டு, பதிவு கிடையாது. அந்தப் பதிவைச் செய்து கொடுப்பதே ஒரு தொண்டர் செய்யக்கூடிய பயனுள்ள வேலை, அதற்கு ஸ்க்ரூ ட்ரைவர்கூடத் தேவையில்லை.

யாராவது இலவசமாகத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம்தானே?

வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் எங்கள் முதல் வேலை எப்படித் தோற்றது என்பதைக் கேளுங்கள்.

ஒரு பிள்ளைக்காம்பராவுக்கு வெளியிலிருந்து வந்த ஓர் அமைப்பு இரண்டு பெனலும் ஒரு பற்றரியும் தந்தது. திறப்பு விழா நடந்தது, மாலை போட்டார்கள், கல்வெட்டும் பதித்தார்கள். நாங்களும் பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டோம். பதினான்கு மாதம் கழித்து வெளிச்சம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் பற்றரி வைத்த மரப்பெட்டி பூட்டியிருந்தது. சாவி முன்பு இருந்த பொறுப்பாளரிடம் இருந்தது, அவர் மாற்றலாகிப் போய்விட்டார். பூட்டை உடைத்துத் திறந்தோம். இணைப்பு முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. மூடிகளைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே தகடுகள் நீருக்கு மேலே காய்ந்து தெரிந்தன. வடிநீர் ஊற்ற வேண்டும் என்று எவருக்கும் எவரும் சொல்லவில்லை. “எங்ககிட்ட சாவியே தரலையே தம்பி, நாங்க எப்படி ஊத்துறது?” என்று ஆயாம்மா கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கூரையில் பெனல்கள் இரண்டும் நல்ல நிலையில் மினுங்கிக்கொண்டிருந்தன, கல்வெட்டும் அப்படியே இருந்தது.

1990 களின் பிற்பகுதியிலிருந்து உலக வங்கியின் உதவியோடு இலங்கைக் கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சிறிய சோலார் தொகுதிகள் கடனில் போய்ச் சேர்ந்தன. மின்கம்பி வந்ததும் அவற்றில் பல கைவிடப்பட்டன. பெனல் இருபத்தைந்து வருடம் உழைக்கும்; ஈயப் பற்றரி மூன்று, நான்கு வருடத்தில் போய்விடும். லித்தியம் பற்றரி அதிக காலம் வரும், விலையும் அதிகம். எதுவானாலும் அடுத்த பற்றரிக்கான காசு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நன்கொடையை ஏற்கக் கூடாது.

இப்போது நாங்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். பூட்டுவதற்கு முன் ஆறு மாதம் மக்கள் சிறு தொகை சேர்த்துக் காட்ட வேண்டும். இது தோட்டத்துக்குப் புதிதல்ல. மரண உதவிச் சங்கத்துக்கு மாதா மாதம் காசு சேர்கிறது, அதில் கணக்கு பிசகினால் ஊரே கேட்கிறது. அதே கொப்பி முறையில், அதே நம்பிக்கையில் பற்றரிப் பணமும் சேரட்டும். சாவி இருவரிடம் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் திகதியும் கையெழுத்தும் இடும் அட்டை ஒன்று தொங்க வேண்டும்.

மின்வேலை தெரியாதவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

கடிதம் எழுதலாம், கணக்கு எழுதலாம், சிரமதானத்துக்கு ஆள் திரட்டலாம், பெனல் துடைக்கலாம், பற்றரி நீர்மட்டம் பார்க்கலாம். கூரை வேலையையும் 230 வோல்ட் இணைப்பையும் தகுதிச் சான்றிதழ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட வேண்டும். வெயிலில் இருக்கும் பெனலை நிறுத்த சுவிட்ச் இல்லை. தொடராக இணைத்த பெனல்களின் வயர் உயிரோடுதான் இருக்கும். ஆஸ்பெஸ்டோஸ் கூரையைத் துளைக்காதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் அதிகம் என்பதால் புவித்தொடுப்பு (எர்த்) இல்லாமல் எதையும் பூட்ட விடாதீர்கள்.

துரையிடமும் அரச அலுவலகங்களிலும் எப்படிப் பேசுவது?

எழுத்தில் பேசுங்கள். தோட்ட முகாமையாளரிடம் வாய்மொழிச் சம்மதம் வாங்கி வேலையைத் தொடங்கிய இடத்தில், அவர் மாற்றலாகிப் புதியவர் வந்ததும் கம்பத்தைக் கழற்றச் சொன்ன அனுபவம் எங்களுக்கு உண்டு. எந்த இடம், எத்தனை பெனல், செலவு யாருடையது, சேதம் வந்தால் பொறுப்பு யாருடையது என்று ஒரு பக்கத்தில் எழுதி, தோட்டத் தலைவர்மாரின் கையெழுத்தோடு கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

தெருவிளக்கு பிரதேச சபையின் வேலை. தோட்டங்களுக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று முன்பு சொல்லி அனுப்பினார்கள். 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கியது. இதை அறியாத அலுவலர்கள் இன்னும் இருக்கிறார்கள், கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள். பதில் வரவில்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. மின்கட்டணத்தை மாற்றுவதற்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கும். நாற்பது அலகு பாவிக்கும் தோட்டக் குடும்பத்தின் நிலைமையை எடுத்துச் சொல்ல அங்கே யாராவது போக வேண்டும்.

சோலாரால்தான் 2025 இல் நாடே இருண்டது என்கிறார்களே?

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாக அமைச்சர் சொன்னார். விடுமுறை நாளில் பாவனை குறைந்து, சோலாரின் பங்கு கூடியிருந்ததால் வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்று மின்சார சபை விளக்கியது. அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படியும் கேட்டார்கள். ஆக, கேள்வியில் நியாயம் இருக்கிறது. பகலில் மிஞ்சுவதைச் சேமிக்கப் பற்றரி இல்லாமல் கூரைகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இந்தத் தொல்லை தொடரும். வாசிகசாலையின் 250 வோட் பெனல் கம்பியுடன் இணைவதில்லை. அதனால் எந்த வலையமைப்பும் ஆடாது.

கூட்டத்துக்குப் பெண்கள் வருவதே இல்லை. என்ன செய்வது?

கூட்டத்தை எத்தனை மணிக்கு வைத்தீர்கள்? கொழுந்து நிறுத்துக் கொடுத்து, தண்ணீர் பிடித்து, விறகு சேர்த்து, அடுப்பு மூட்டும் ஐந்தரை மணிக்கு வைத்திருந்தால் யார் வருவார்கள்? நாங்கள் சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றினோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இளைஞனை இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) உட்கார வைத்தோம். முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள். பற்றரிப் பணம் சேர்க்கும் கொப்பி இன்று அவர்களிடம்தான் இருக்கிறது.

பழுதான பற்றரியை என்ன செய்வது?

பழைய இரும்பு வாங்குபவரிடம் முழுதாகக் கொடுத்துக் கிடைக்கும் பணத்தை நிதியில் சேருங்கள். உடைத்து ஈயம் எடுக்க விடாதீர்கள். அமிலத்தைக் கானில் (வடிகாலில்) ஊற்றினால் அது கீழே இருக்கும் லயத்தின் பீலித் தண்ணீரில் போய்ச் சேரும்.

எங்கள் தோட்டத்தில் ஆர்வமுள்ளவர்கள் மூன்று பேர்தான். போதுமா?

தொடங்கப் போதும். ஒருவர் இருட்டாக இருக்கும் இடங்களை ஒரு வாரம் நடந்து பார்த்து எழுதட்டும். இன்னொருவர் அந்த இடங்களின் காணி யார் பொறுப்பில் இருக்கிறது என்று தோட்டக் காரியாலயத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் கேட்டு வரட்டும். மூன்றாமவர் கொப்பி ஒன்று வாங்கட்டும்.